கம்பியைத் தொடாத பதில்

மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரைக் காணோம். கோகிலவாணி போனைக் காதிலிருந்து இறக்கி, காலி முட்டை அட்டை அடுக்கின் மேல் குப்புறப் போட்டாள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை, வேறென்ன. ராசிபுரத்து வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, திரையில் மகள் பெயர் மின்னுவதை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று கிடப்பார் அப்பா. நாச்சிமுத்து டிரைவர் என்றால் சும்மாவா. ஆயுசெல்லாம் லாரி ஓட்டித் தேய்ந்த உடம்பு, எழுபதைத் தாண்டிவிட்டது, வீம்பு மட்டும் அப்படியே கட்டுக்குலையாமல் இருக்கிறது. வீம்புதான். வீம்பாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், என்று ஒரு நினைப்பு தலையை நீட்டியது. தனியாக இருக்கிற மனுஷன், குளியலறைத் தரை வழுக்கும், அதற்கு ஒரு பாய் வாங்கிப் போடுங்கள் என்று அவள் சொல்லி எத்தனை காலம். அந்த நினைப்பை அங்கேயே கிள்ளிப் போட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். விஜயதசமி காலையில் ஊரே பொரிகடலை தின்றுகொண்டிருக்கும்போது அவள் மட்டும் நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் கண்ணாடி அறையில், முட்டை வாடையும் மருந்து வாடையும் கலந்த காற்றை இழுத்துக்கொண்டு, வாயைத் திறக்காத ஒரு கறுப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் இருக்கிற கணினிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. மற்ற நாளெல்லாம் அது ஒரு நல்ல வேலை. இன்றைக்கு அது ஒரு தலைவிதி.

பெட்டி சின்னதுதான், டிபன் டப்பா அளவு. ஆனால் பக்கத்துக் கூடத்தில் வரிசையாக நிற்கிற அடைகாக்கும் இயந்திரங்களின் சூட்டைக் கம்பி வழியே ஓயாமல் வாங்கி, கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆட்களின் போனுக்குத் தகவல் அனுப்புவது அதுதான். அது பேசாவிட்டால் யாராவது ஒருவர் இயந்திரம் இயந்திரமாக நடந்து, கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து வர வேண்டும். ஆட்களெல்லாம் பண்டிகைக்குப் போய்விட்டார்கள். சூப்பர்வைசர் நல்லசிவம் ஒருத்தர்தான் நடந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டு, “ஆச்சுங்களா மேடம்?” என்பார். இவள், “ஆச்சுன்னா நானே சொல்றனுங்க” என்பாள். தலை போய்விடும். அடுத்த சுற்றில் மறுபடி அதே தலை, அதே கேள்வி, புத்தம் புதிதாகக் கேட்பதுபோல். நெற்றியில் சந்தனம் வேறு, அகலமாக, காய்ந்து வெடித்து. அந்தச் சந்தனத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்த ஆயுத பூஜையால் வந்த வினை. மூன்று வருஷமாக ஒரு கேடும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி.

“நேத்து யாருங்க இதையெல்லாம் கழட்டுனது?” என்று காலையில் வந்ததுமே கேட்டாள்.

“நானேதானுங்க மேடம். மிசினை நிறுத்த முடியாது, உள்ள முட்டை இருக்குது. அதனால கம்ப்யூட்டர் சாமானம் பூராத்தையும் கழட்டித் தூசி தட்டி, தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, தேங்கா ஒடச்சு, அப்பறம் எது எது எங்கெங்க இருந்துச்சோ அங்கங்கயே மாட்டிட்டனுங்க. எல்லாத்துக்கும் நானே பொட்டு வச்சனுங்க. ஒண்ணு விடலீங்க.”

என்னவோ பதக்கம் வாங்கினவர் மாதிரி சொன்னார். திட்டவும் முடியவில்லை. பக்தி என்று வந்துவிட்டால் எதிரில் நிற்கிறவன்தான் பாவி. வாசலில் வாட்ச்மேன் கூட அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “காருக்குப் பூச போடலீங்களா மேடம்?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டான். போடவில்லை. போடவில்லை என்றால் என்ன, ஓடாதா? வருஷா வருஷம் அதைப் போடுகிற ஆள் வேறு, அந்த ஆள் இந்த வருஷம் வரவில்லை, அதை வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. “ஓடுதில்லீங்க, அது போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வந்து பார்த்தால் இங்கே எதுவும் ஓடவில்லை.

அறையில் இரண்டு கணினிகள். மேனேஜர் மேசையில் இருப்பது விண்டோஸ். அது திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியைப் போட்டுக்கொண்டு, என் வயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் உண்மையிலேயே வயர் கீழே கிடந்தது, ஒண்ணு விடலீங்க என்ற நல்லசிவம் இதை விட்டிருந்தார். செருகினாள், குறி மறைந்தது, தன் எண்ணை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அந்த ஜாதியே அப்படித்தான். ஒவ்வொரு கணினிக்கும் கம்பி வழியே மற்றதோடு பேச ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. வயர் கழன்ற மறு நொடியே விண்டோஸ் அந்த எண்ணைக் கீழே போட்டுவிடும். எழுதி வைத்த எண் உள்ளே எங்கோ இருக்கும், ஆனால் யாராவது கேட்டால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடும். இன்னொன்று, அவள் முன்னால் இருக்கிற திரையும் விசைப்பலகையும் மாட்டிய கறுப்புப் பெட்டி, லினக்ஸ். அது வேறு சுபாவம். இதுதான் உன் எண் என்று கையால் ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வயர் இருக்கிறதா, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா என்று ஒன்றையும் பாராமல், எண்ணை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்துவிடும். எது சரி என்று ஒரு காலத்தில் சேலத்தில் பயிற்சி வகுப்பில் சண்டையே நடந்தது. தொடர்பு அறுந்தால் விட்டுவிடுவதுதான் நேர்மை என்று ஒரு கூட்டம், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும், அதற்குள் எதற்கு எல்லாவற்றையும் உதற வேண்டும், வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் குணம் என்று இன்னொரு கூட்டம். கோகிலவாணி காத்திருக்கிற கூட்டம். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அப்பாதான் அந்த முதல் கூட்டம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உடனே மகள் என்ற ஒருத்தி இருந்ததையே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு என்ன நடந்துவிட்டது, அப்படி என்ன பெரிதாக நடந்துவிட்டது. ராசிபுரத்தில் ஒரு கல்யாணம், முடித்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாமக்கல் திரும்பினாள். நான்கு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று பையோடு வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். அவருக்கு எப்போதும் முன் சீட்டுதான். வண்டி கிளம்பியதிலிருந்து ஆரம்பம், கியரை மாத்து, அவன் வர்றான் பாரு, லைட்டைப் போடு, கியரை மாத்து. அதுகூடப் பரவாயில்லை. கால். அவருடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. எதிரே ஒரு லாரி வந்தால் ஒரு அழுத்து. சைக்கிள் வந்தால் ஒரு அழுத்து. ஒன்றுமே வராவிட்டாலும் வளைவில் ஒரு அழுத்து. பேசுகிறவர்களைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் ஒவ்வொரு நொடியும் நீ சரியாக ஓட்டவில்லை என்று காலால் சொல்லிக்கொண்டே வருகிறவரை என்ன செய்வது? இரண்டு ஆளுக்குச் சமமாக ஒருத்தியாக நின்று, புருஷன் ஓசூரில், மகள் விடுதியில், வீடு, வேலை, கடன் எல்லாம் தலையில் சுமந்து இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு இடத்தில் முட்டியிருக்கிறாளா? புதன்சந்தை தாண்டி ஒரு வளைவில் அந்தக் கால் மறுபடி தரையை அழுத்தியபோது அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். “எறங்குங்கப்பா” என்றாள். வந்து ஓட்டுங்கள், நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், ஆண்டவன் சாட்சி. முதல் வார்த்தை வெளியே வந்தது, மற்றது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் துண்டை எடுத்து உதறினார், தோளில் போட்டார், பின் சீட்டிலிருந்து பையை எடுத்தார், இறங்கினார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ராசிபுரம் பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றுகொண்டார். இவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். ஓடவில்லை. பஸ் வந்தது, ஏறினார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. கொலுப்படி ஏறி, சுண்டல் தின்று, நவராத்திரி முழுவதும் போய்விட்டது. இன்றைக்குக் காலையில் ஏதோ ஒரு வேகத்தில், பண்டிகை நாள், பெரியவர், போனால் போகிறது என்று அடித்தால் எடுக்கவில்லை. மறுபடி அடித்தால் மறுபடி எடுக்கவில்லை. அவள் எரிச்சலோடு விசைப்பலகையை முன்னால் இழுத்தாள்.

பெட்டியிடம் கேட்டாள், உன் எண் என்ன? சொன்னது. அட்சரம் பிசகவில்லை. இருக்கிறாயா என்று அந்த எண்ணுக்கு ஒரு பிங் அனுப்பினாள். பிங் என்றால் வேறொன்றுமில்லை, ஐயா வீட்டில் இருக்கிறீர்களா என்று கதவைத் தட்டுவதுதான். இருக்கிறேன் என்றது. மறுபடி. இருக்கிறேன். மறுபடி. இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிவரியாகத் திரை நிறைய, ஒன்று தவறாமல், டக் டக்கென்று பதில். அப்புறம் என்ன கேடு உனக்கு? எண் இருக்கிறது, பதில் இருக்கிறது, சூடு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆகவே கோளாறு நிரலில்தான் என்று முடிவு கட்டி, நிரலை நிறுத்தி ஓடவிட்டாள், பெட்டியையே அணைத்துப் போட்டாள், ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டினாள், ஒவ்வொரு தடவையும் அதே சுறுசுறுப்பான பதில். வேலை நடக்கிற இடத்தில் வேலை நடக்காமல், பதில் மட்டும் கச்சிதமாக வருகிற அலுவலகம் எத்தனையோ பார்த்திருக்கிறாள், இது அந்த வகை போலிருக்கிறது. போனை எடுத்தாள். மறுபடி அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. ஆகப் போன் உயிரோடு இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, லைன் இருக்கிறது. ஆள்தான். ஆளுக்கு என்ன.

எடுத்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா. என்னப்பா, எத்தனை தடவை கூப்பிடுவது என்பாள் இவள். எறக்கி உட்டவளுக்கு என்ன பேச்சு வேண்டிக்கெடக்குது என்பார். நான் இறக்கிவிட்டேனா, நீங்களாகத்தானே இறங்கினீர்கள் என்பாள். ஆமா, ஓடற வண்டியிலிருந்து குதிச்சேன் என்பார். நீங்கள் காலை வைத்துக்கொண்டு சும்மா வந்திருக்கலாம் அல்லவா என்பாள். என் காலு, எங்க வச்சா உனக்கென்ன என்பார். அம்மா இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்பாள். அவளும் உன்ன மாதிரித்தான், கடேசி வரைக்கும் என்னையக் குத்தஞ் சொல்லிட்டே போய்ச் சேந்தா என்பார். அதற்கு இவள் ஒரு பதில் சொல்வாள், அதற்கு அவர் ஒன்று சொல்வார், சொல்லச் சொல்ல இவளுக்குக் காது மடல் சுட்டது, கண்ணில் நீர் கோர்த்தது, கை தானாகப் பிங் அனுப்பும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் பேச்சில் அவளுக்குக் கோபமான கோபம். என்ன பேச்சு பேசுகிறார் பார். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது. அம்மாவை இழுக்கலாமா. இந்த வயதில் இப்படி வெடுக் வெடுக்கென்று, கேட்டு வாய் மூடுவதற்குள் பதில்.

“ஆச்சுங்களா மேடம்?”

“இல்லீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் நல்லசிவத்தின் தலை சட்டென்று பின்வாங்கியது. பிறகு மெதுவாக மறுபடி உள்ளே வந்தது.

“தப்பா நெனைக்காதீங்க. நாலாம் நம்பர் மிசின்ல சூடு ஒரு புள்ளி ஏறிருக்குது. நானே பாத்து எறக்கிட்டனுங்க. என்னால முடியும், ஒருத்தனே நடக்கறன் பாருங்க, ஒரு சுத்து வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் என்ன ஆவுதோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. கண்ணுல பாத்தாத்தான் நிம்மதி.”

“பத்து நிமிசங்க. பாத்துடறன்.”

தலை போனது. அவள் திரையைப் பார்த்தாள். பதில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பதிலின் வால் பக்கத்திலும், தட்டியதற்கும் திறந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு கணக்கு இருக்கும். அதைக் காலையிலிருந்து பார்க்கிறாள், ஆனால் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். நேரமே இல்லை. அநியாயத்துக்குக் குறைவு. கம்பியில் ஏறி, கம்பிகளெல்லாம் வந்து சேர்கிற பெட்டிக்குப் போய், மறுபடி இறங்கி வருகிற பதிலுக்குக் கொஞ்சமாவது நேரம் பிடிக்கும். இது அந்த மாதிரிப் பதில் இல்லை. கோகிலவாணி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவள் உட்கார்ந்திருப்பது எந்தக் கணினியின் முன்னால்? கறுப்புப் பெட்டியின் முன்னால். தட்டியது எந்த வீட்டுக் கதவை? கறுப்புப் பெட்டியின் கதவை. வீட்டுக்குள் இருந்துகொண்டே உள்பக்கமாகக் கதவைத் தட்டி, யார் இருக்கிறீர்கள் என்று தானே கேட்டு, நான்தான் இருக்கிறேன் என்று தானே சொல்லி, காலை முழுக்க. கேள்வி வாசலைத் தாண்டவே இல்லை. கம்பியை அது தொடவே இல்லை. திரையின் மேலே, எண்ணுக்குப் பக்கத்திலேயே, கம்பியில் உயிர் இல்லை என்று அது சின்ன எழுத்தில் எழுதியும் வைத்திருந்தது, யோக்கியன். அதை அவள் படிக்கவில்லை, அவ்வளவுதான். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள்.

எழுந்து மேனேஜர் மேசைக்குப் போய் விண்டோஸிலிருந்து தட்டினாள். பதில் இல்லை. மறுபடி. இல்லை. அப்பாடா என்றிருந்தது, உண்மையான ஒரு இல்லை. பெட்டியைத் தூக்கி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வயர் செருகுகிற ஓட்டைக்கு மேலே பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் அச்சாக வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பொட்டு வைக்க வாகான இடம் என்று நினைத்திருப்பார் மனுஷன். விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று யாருக்குத் தெரியும். வயரைக் கழற்றினால் ஓட்டைக்குள்ளும் வழிந்து, தங்கநிறக் கம்பிகளின் மேல் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டு, அதன் மேலேயே வயரைக் குத்திச் செருகியிருக்கிறார். செருகியது உள்ளே போயிருக்கிறது, கிளிக் என்றுகூடக் கேட்டிருக்கும். பையில் தேடிக் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, மெதுவாக, கம்பி கோணாமல் சுரண்ட ஆரம்பித்தாள். மஞ்சள் தூள் மேசையில் உதிர்ந்தது. வாசனை வந்தது.

சுரண்டச் சுரண்டக் கை நின்றது. வெடுக் வெடுக்கென்றா? அப்பாவா? அப்பா ஒரு நாளும் வெடுக்கென்று பதில் சொன்னதில்லையே. சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட முதலில் துண்டை எடுப்பார், உதறுவார், மடிப்பார், தோளில் போடுவார், எதிரில் இருக்கிறவளுக்குப் பொறுமை போய்விடும், அப்புறம்தான், ம் என்பார். அந்த ம்முக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அம்மாவைப் பற்றி அவர் ஒரு குற்றம் சொல்லி இவள் கேட்டதே இல்லை. அப்படியானால் காலையிலிருந்து இவளிடம் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தது யார்? கோகிலவாணிக்கு உடம்பு கூசியது. காலையிலிருந்தா, அந்தப் பஸ் போன நாளிலிருந்தே. குளிக்கும்போது, சமைக்கும்போது, வண்டி ஓட்டும்போது, எத்தனை சண்டை, எத்தனை பதில். எல்லாம் இவளே கேட்டு இவளே சொன்னது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்குப் பின்னாலேயே, காலையில் கிள்ளிப் போட்ட அந்தப் பயம் எழுந்து முழுசாக நின்றது. வீம்பு என்பதும் இவள் சொன்னதுதானே. வீம்பு என்று அவரா சொன்னார்? மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். குளியலறைத் தரை. கட்டில் கால். இரவே விழுந்திருந்தால்.

போனை எடுத்தாள். அப்பாவின் எதிர்வீட்டு டெய்லர் சம்பூரணத்தின் எண் எப்போதும் இவளிடம் உண்டு. காலையிலேயே அடித்திருக்கலாம். அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், என்ன நினைப்பாள் என்ற கௌரவத்தில்தான் அடிக்கவில்லை. கௌரவத்தைக் கொண்டு போய்க் குப்பையில் போட.

“அக்கா, நான் வாணி பேசறனுங்க. அப்பாவக் கொஞ்சம் எட்டிப் பாக்கறீங்களா? போனே எடுக்க மாட்டீங்கறாருங்க.”

“அடியே, அவரு எங்க இங்க இருக்கறாரு? விடிஞ்சதும் குளிச்சுட்டு, ஊட்டப் பூட்டிட்டு பஸ் ஏறிட்டாரே. உங்கூட்டுக்குத்தான் வர்றாரு. இன்னும் வந்து சேரலியா?”

“போனுங்கக்கா?”

“அத ஏங் கேக்கற. நேத்து அந்தப் போனுக்கும் பொட்டு வச்சு சாமி படத்துக்கிட்ட வச்சுட்டாரு. மத்தியானம் பூச எடுக்கற வரைக்கும் தொடப்படாதாமா. நாஞ் சொன்னேன், போனில்லாம எப்படிங்ணா போவீங்கன்னு. நா லாரி ஓட்டுன காலத்துல போனா இருந்துச்சுன்னுட்டுப் போயிட்டாரு. பூட்டுன ஊட்டுக்குள்ள அது காலைலருந்து கத்திட்டு கெடக்குது. நீதானா அது?”

கோகிலவாணி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை, சம்பூரணத்துக்கு எப்படித் தெரியும். வயரைச் செருகினாள். துடைத்த இடத்தில் பச்சை விளக்கு மினுக்கியது, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, திரையில் ஒவ்வொரு இயந்திரமாகச் சூடு வந்து உட்கார்ந்தது. நாலாம் நம்பர் உட்பட, எல்லாம் சரியான அளவில். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். “ஆச்சுங்க!” என்று கூடத்தின் நடுவே நின்றிருந்த நல்லசிவத்தைப் பார்த்துக் கத்தினாள். அவர் என்னவோ கேட்டார். அடுத்த வருஷம் பொட்டு வைக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள், எங்கே வைப்பதென்று காட்டுகிறேன் என்று சொல்ல நினைத்தாள், நேரமில்லை. பூட்டின வீடு. இங்கே இவள் வீடும் பூட்டின வீடு. விடிந்ததும் பஸ் ஏறினவர் எப்போதோ வந்திருப்பார். கையில் போன் இல்லை. வாசலில் பூட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன செய்வார்? வேண்டுமென்றே பூட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று, என்று ஆரம்பித்த வாக்கியத்தை அவள் பாதியில் நிறுத்தினாள். தெரியாது. அவர் என்ன நினைப்பார் என்று அவளுக்குத் தெரியாது. காரை எடுத்தாள், தனக்குள் அவருக்காகப் பேசுகிற அந்த வாயை மூட வைப்பது வண்டியை ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அண்ணா சிலை சிக்னலில் நின்றபோது அது மறுபடி பேச வந்தது, பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது ராசிபுரம் பஸ் ஒன்று கிளம்பி வெளியே வர, ஜன்னல் ஜன்னலாகத் துண்டுகளைத் தேடினாள், எல்லார் தோளிலும் துண்டு.

தெருவுக்குள் திரும்பினாள். வாசலில் ஆள் இல்லை. கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை மாட்டியிருந்தது. வந்துவிட்டுப் போய்விட்டார். பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக்கூடத் தோன்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுச் சந்திலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழிய வழியத் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நாச்சிமுத்து வந்தார். அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

“அப்பா, எத்தன தடவ போன் பண்றது” என்று இறங்கிக்கொண்டே தொடங்கியவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவர் துண்டை எடுத்தார். உதறினார். மடித்துத் தோளில் போட்டார். அவள் நடுவில் ஒன்றும் இட்டு நிரப்பாமல் காத்திருந்தாள்.

“ம்” என்றார். பிறகு, “கார எடுத்துட்டு எங்க கண்ணு போன? நல்ல நேரம் முடியறதுக்குள்ள கழுவோணும்.”

மஞ்சள் பையில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன, சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நேற்று முழுக்க மகள் கூப்பிடுவாள் என்று பார்த்திருப்பாரோ, கூப்பிடாததால் இன்றைக்குத் தானே கிளம்பி வந்தாரோ, அவள் அதை அவர் வாயில் வைக்கவில்லை. அவர் வண்டியைக் கழுவினார், எப்போதும்போல் முன் கண்ணாடியில் ஆரம்பித்து. அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் துடைத்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருவரும் குனிந்தபோது, “அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்கப்பா” என்றாள். அழுகை வந்தது, துணியைப் பிழிகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துண்டு உதறும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“முன் சக்கரத்துல காத்துக் கம்மியா இருக்குது” என்றார் அப்பா.

பானெட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்து, பூவைச் சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “எடு” என்றார். அவள் எடுத்தாள். பழங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது, புளிப்பு வாசனை உள்ளே வந்தது. “கியர மாத்து” என்றார். மாற்றினாள். தெருமுனை வளைவு வந்தது. அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை.

கோகிலவாணி பிரேக்கை மிதித்தாள்.